வன்னி என்றால் எந்த வன்னி? உயிரினப் பெயர்களின் குறுகிய பொருளும் விரிந்த பொருளும்: முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சி வன்னியில் இருக்கிறதா? பரந்தனில் நெல் விதைக்கும் ஒருவரிடம் இதைக் கேட்டால், இது என்ன கேள்வி என்று பார்ப்பார். ஆனால் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும்தான் அடங்குகின்றன. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. இரண்டு வழக்குமே நடைமுறையில் உள்ளவை, எதுவும் பிழையன்று. 'வன்னியில் இத்தனை பேர்' என்று ஓர் எண்ணைப் படிக்கும்போது எந்த வன்னி என்று கேளாமல் விட்டால்தான் கணக்குப் பிழைக்கிறது.

உயிரினங்களின் அறிவியற் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. ஒரே பெயர், ஓர் ஆய்வில் சிறிய கூட்டத்தையும் மற்றோர் ஆய்வில் பெரிய கூட்டத்தையும் குறிக்கும். இதை மறைக்காமல் சொல்வதற்காகப் பாகுபாட்டியலாளர்கள் இரண்டு இலத்தீன் தொடர்களை வைத்திருக்கிறார்கள். 'சென்சு ஸ்ட்ரிக்டோ' என்றால் குறுகிய பொருளில். 'சென்சு லாட்டோ' என்றால் விரிந்த பொருளில். உயர்தர உயிரியல் மாணவர்களும், வன்னியின் காடு, குளம், வயல்களில் குறிப்பெடுப்பவர்களும் இந்த இரண்டையும் சரியாகப் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். பல ஆண்டுகள் இந்தப் பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில், நம் குறிப்பேடுகளில் அதிகம் சேதம் விளைவிப்பது பிழையான பெயர் அன்று, எந்தப் பொருளில் என்று சொல்லப்படாத சரியான பெயர்தான் என்று நம்புகிறேன்.

ஒரு சொற்குறிப்பு. இலங்கைப் பாடநூல்களில் நாம் 'சாதி' என்பதைத் தமிழ்நாட்டில் 'பேரினம்' என்பார்கள், நம் 'இனம்' அங்கே 'சிற்றினம்'. இங்கே நம் வழக்கையே பின்பற்றுகிறேன்.

முதற்படி: முளையையும் கயிற்றையும் பிரித்துப் பாருங்கள்

அறுவடை முடிந்த தரவையில் மாட்டை முளையடித்துக் கட்டுவோம். முளை ஓரிடத்தில் நிற்கும். கயிறு நீண்டால் மாடு மேயும் வட்டம் பெரிதாகும், குறுகினால் வட்டம் சிறுக்கும். உயிரினப் பெயரும் இப்படித்தான் வேலை செய்கிறது.

முளை என்பது வகைமாதிரி. ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, இந்தப் பெயர் இதற்குரியது என்று ஒரு மாதிரியை, பெரும்பாலும் ஓர் அருங்காட்சியகத்திலோ உலர்தாவரக் காப்பகத்திலோ உள்ள ஒன்றை, சுட்டிக் கட்டிவிடுகிறார்கள். 1670களில் இலங்கையில் பால் ஹெர்மன் என்ற மருத்துவர் சேர்த்து அழுத்தி உலர்த்திய செடிகள் இன்றும் இலண்டனில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தே சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நம் செடிகள் பலவற்றின் பெயர்களுக்கு அந்தத் தாள்களில்தான் முளை இருக்கிறது. சாதிக்கும் முளை உண்டு: அதற்குள் அடங்கும் ஓர் இனமே அந்தச் சாதிப் பெயரின் முளை.

கயிறு என்பது பாகுபாட்டியலாளரின் தீர்ப்பு. எதுவரை ஒரே இனம், எங்கிருந்து வேறு என்பதை அவர் சான்றுகளைப் பார்த்து முடிவு செய்கிறார். நீண்ட கயிறு விரிந்த பொருள், குட்டைக் கயிறு குறுகிய பொருள். இதிலிருந்து இரண்டு விதிகள் தாமாகவே வருகின்றன. ஒரு கூட்டத்தைப் பிரித்தால், முளை எந்தத் துண்டில் இருக்கிறதோ அந்தத் துண்டுக்கே பழைய பெயர் போகும். இரண்டு கூட்டங்களை ஒன்றாக்கினால் ஒரே வட்டத்துக்குள் இரண்டு முளைகள் வந்துவிடும். அப்போது வழக்கமாக முந்தி வைத்த பெயர் நிற்கும்.

இதை நம் மண்ணின் பெயரைத் தாங்கிய மரத்திலேயே பாருங்கள். விஜயதசமியன்று கோவில்களில் மானம்பூத் திருவிழாவோடு சேர்த்துச் சொல்லப்படும் வன்னி மரம், புரோசோபிஸ் சினரேரியா. மன்னார்க் கரையோரத்தில் முள்ளோடு பரவி நிற்கும் சீமைக்கருவேல், புரோசோபிஸ் யூலிஃப்ளோரா என்று நாம் படித்தது. 1976இல் பர்கார்ட் என்ற தாவரவியலாளர் இந்தச் சாதிக்குள் 44 இனங்களை அடக்கினார். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. 2022இல் மரபணுச் சான்றுகளை வைத்து அந்தக் கூட்டத்தை நான்காகப் பிரித்தார்கள். சாதியின் முளை எங்கே இருந்தது? வன்னி மரத்தில். ஆகவே புரோசோபிஸ் என்ற பெயர் வன்னிக்கும் அதன் இரண்டு பழைய உலக உறவுகளுக்கும் மட்டும் நின்றது. சீமைக்கருவேல் நெல்துமா யூலிஃப்ளோரா ஆகிவிட்டது.

இனி ஒருவர் 'புரோசோபிஸ் மன்னாரில் பரவுகிறது' என்று எழுதினால், விரிந்த பொருளில் அது சரி. குறுகிய பொருளில் படித்தால், கோவில் வாசலில் நிற்கும் வன்னி மரத்தை வேரோடு பிடுங்கச் சொல்வது போலாகிவிடும். ஒரு தொடரை விட்டுவிடுவதால் இவ்வளவு தூரம் போகலாம்.

மொழியிலும் கயிறு நீள்வதைக் கண்டிருக்கிறோம். எள்ளின் நெய்தான் எண்ணெய். பிறகு தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய், மண்ணெண்ணெய் வரைக்கும் சொல் விரிந்தது. விரிந்த பின் எள்ளினுடையதைத் தனியாகச் சொல்ல 'நல்லெண்ணெய்' என்ற புதுப்பெயர் தேவைப்பட்டது. பேச்சு வழக்கில் முளை இடம் இழந்தது. அறிவியற் பெயரீட்டில் அப்படி நடக்க விடுவதில்லை. அங்கே எள்ளுக்கே 'எண்ணெய்' என்ற பெயர் நிலைக்கும், மற்றவைதான் புதுப்பெயர் தேட வேண்டும்.

இரண்டாம் படி: அடையாளங்களைக் கண்டுகொள்ளுங்கள்

ஆய்வுக் கட்டுரைகளில் இந்தத் தொடர்கள் முழுதாக வருவது குறைவு. பெயருக்குப் பின்னால் சிறிய எழுத்தில் எஸ், எல் ஆகிய இரண்டு எழுத்துகள் புள்ளியோடு நின்றால் விரிந்த பொருள். எஸ் இரண்டு முறை வந்தாலும், எஸ் எழுத்தோடு 'ஸ்டிர்' என்ற சுருக்கம் வந்தாலும் குறுகிய பொருள். இனப் பெயர் சாய்வெழுத்தில் இருக்கும், இந்தச் சுருக்கங்கள் பெரும்பாலும் நேரெழுத்தில் இருக்கும். அவை பெயரின் பகுதி அல்ல, பெயரைப் பற்றிய குறிப்பு என்பதற்கு அதுவே அடையாளம்.

'சென்சு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆளின் பெயரும் ஆண்டும் வந்தால், அவர் அந்த ஆண்டில் வரைந்த எல்லையின்படி என்று பொருள். எனக்கு மிகப் பிடித்த வடிவம் இதுதான். 'விரிந்த' என்றால் எவ்வளவு விரிந்தது என்ற கேள்வி மிஞ்சும். ஆளையும் ஆண்டையும் சொல்லிவிட்டால் கயிற்றின் நீளத்தையே அளந்து காட்டியதாகும்.

தமிழில் குறிப்பெடுப்பவர்கள் 'குறுபொருளில்', 'விரிபொருளில்' என்று எழுதலாம். சொல் குட்டையானது, படித்தவுடன் விளங்கும்.

மூன்றாம் படி: பழைய பெயரைப் படிக்கும்போது அதன் காலத்துக்குப் போங்கள்

பழைய பட்டியலில் ஒரு பெயரைக் கண்டவுடன் அதை இன்றைய பொருளில் எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது, அன்று அந்தப் பெயரின் எல்லை எது, அதன்பின் எப்போது பிரிந்தது, முளை எந்தத் துண்டில் நின்றது, மாதிரி எந்த ஊரில் எடுக்கப்பட்டது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். தேவாங்கை வைத்து ஒருமுறை செய்து பார்ப்போம்.

வன்னிக் காட்டில் இரவில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு செந்நிறக் கண்கள் கிளையிடுக்கில் தெரியும். பழைய நூலில் அது லோரிஸ் டார்டிகிராடஸ். அந்தப் பெயர் 1758இல் லின்னேயஸ் வைத்தது, அதன் முளை இலங்கையில். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள எல்லாத் தேவாங்குகளையும் அந்த ஒரு பெயரே அணைத்திருந்தது. 2001 அளவில் கொலின் குரோவ்ஸ் அதை இரண்டாக்கினார். தென்மேற்கு ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் வாழும் சிவந்த தேவாங்குக்கு டார்டிகிராடஸ் என்ற பெயர் நின்றது. உலர்வலயத்திலும் தென்னிந்தியாவிலும் வாழும் சாம்பல் தேவாங்கு லோரிஸ் லிடெக்கெரியானஸ் ஆயிற்று. அந்தப் பெயரை 1908இல் கப்ரேரா வைத்திருந்தார், அதன் முளை சென்னையில்.

ஆகவே வன்னியில் எடுத்த 1970களின் குறிப்பில் லோரிஸ் டார்டிகிராடஸ் என்றிருந்தால், அது விரிந்த பொருளில் எழுதப்பட்டது. இன்றைய பெயரில் அது லிடெக்கெரியானஸ். எழுதியவர் பிழை செய்யவில்லை. அதை நாம் இன்றைய குறுகிய பொருளில் படித்து, வன்னியில் டார்டிகிராடஸ் இருந்ததாகவும் இன்று அழிந்துவிட்டதாகவும் முடிவுகட்டினால் பிழை நம்முடையது. டார்டிகிராடஸ் அழியும் அபாயத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. இல்லாத இடத்தில் அது இருந்ததாகக் காட்டினால், உண்மையில் அது ஒண்டியிருக்கும் ஈரவலயத் துண்டுக் காடுகளின் அருமை குறைந்து தெரியும்.

செடிகளில் இதற்கு எளிய பயிற்சி கொன்றையும் ஆவரசும். இரண்டும் முன்பு காசியா. 1982இல் இர்வினும் பார்னபியும் காசியாவை மூன்றாகப் பிரித்ததைப் பெரும்பாலோர் ஏற்றார்கள். சரக்கொன்றை காசியா ஃபிஸ்டுலாவாகவே நின்றது. ஆவரசு சென்னா ஆரிக்குலாட்டா ஆயிற்று, தகரையும் சென்னாவுக்குப் போயிற்று. விரிந்த காசியாவில் சில நூறு இனங்கள், குறுகிய காசியாவில் முப்பது அளவில்தான். பழைய மருந்துச்செடி நூலில் 'காசியா' என்று மட்டும் இருந்தால் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பாலையின் கதை இன்னும் அழகானது. வைகாசி, ஆனியில் காட்டுக்குள் போனவர்களுக்கு அந்த மஞ்சள் பழத்தின் பிசுபிசுப்பு உதட்டில் ஒட்டுவது தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாவர நூல்களில் பாலை, மைமுசாப்ஸ் எக்சாண்ட்ரா. கோவில் வீதியில் நிற்கும் மகிழமரமும் மைமுசாப்ஸ்தான், எலெங்கி என்பது அதன் இனப்பெயர். மலையாளத்திலும் தமிழிலும் இலஞ்சி என்று சொல்லும் சொல்லே இலத்தீனுக்குப் போய் அப்படி ஆயிற்று. சாதியின் முளை மகிழில் இருந்தது. ஆகவே சாதியைக் குறுக்கியபோது மகிழ் இடத்தில் நின்றது, பாலை மனில்காராவுக்குப் போனது.

இதே விழிப்பு உயிர் காக்கும் இடமும் உண்டு. ஒரு காலத்தில் ஆசிய நாகங்கள் கிட்டத்தட்ட எல்லாமே நாஜா நாஜாவின் துணையினங்களாகக் கருதப்பட்டன. 1980களிலும் 1990களிலும் அவை தனித்தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டன. நம் நல்லபாம்பு குறுகிய பொருளிலும் நாஜா நாஜாதான். ஆனால் நாஜா நாஜாவின் நஞ்சு என்று எழுதிய பழைய ஆய்வின் பாம்பு தாய்லாந்தில் பிடித்ததாக இருந்தால், அது இன்று பெரும்பாலும் நாஜா கவுத்தியா. புடையன் என்று நம்மவர் சொல்லும் கண்ணாடி விரியனும் அப்படியே: டபோயா ரசெலி என்ற பெயர் விரிந்த பொருளில் பாகிஸ்தானிலிருந்து தாய்வான், யாவா வரை நீண்டது. 2007இல் கிழக்குப் பகுதி டபோயா சயாமென்சிஸ் என்று தனி இனமாக்கப்பட்டது. நஞ்சின் குணத்தைப் படிக்கும் மருத்துவ மாணவர்கள் பெயரைப் பார்த்த கையோடு ஆண்டையும் நாட்டையும் பார்க்கப் பழக வேண்டும்.

குளத்து மீனையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். யப்பான் மீன் என்று வாங்கும் திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்தது. அதன் அறிவியற் பெயர் இன்று ஒரியோகுரோமிஸ் மொசாம்பிகஸ். சந்தையில் திலாப்பியா என்பது விரிபொருள். குறுகிய பொருளில் திலாப்பியா என்ற சாதியில் மிகச் சில ஆபிரிக்க மீன்களே உள்ளன.

முளையே இடம் மாறிய ஒரு வழக்கு

விதியைச் சொன்னேன், அதை மீறி நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அக்கேசியா விரிந்த பொருளில் 1,300க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்டது. மன்னாரில் குடை விரித்தாற்போல் நிற்கும் உடை, ஊருக்கு ஊர் உள்ள கருவேல், வெள்வேல், இவையெல்லாம் அதற்குள் இருந்தன. அவுஸ்திரேலியாவில் மட்டும் ஆயிரம் அளவில் இருந்தன. இந்தப் பெருங்கூட்டம் ஒரே வம்சம் அன்று என்று தெரிந்ததும் பிரித்தே ஆக வேண்டிய நிலை வந்தது.

முளை கருவேலில் இருந்தது. விதிப்படி கருவேலும் அதன் உறவுகளும் அக்கேசியாவாக நிற்க, அவுஸ்திரேலிய மரங்கள் ஆயிரமும் பெயர் மாற வேண்டும். 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு, முளையையே பிடுங்கி அவுஸ்திரேலிய இனமொன்றில் நட்டது. 2011இல் மெல்பேர்ன் மாநாட்டிலும் அது உறுதியாயிற்று. கருவேலும் உடையும் வெள்வேலும் இன்று வாச்சேலியா. வைட், ஆர்னட் ஆகிய இருவரும் 1834இல் தென்னிந்தியத் தாவரங்களை விவரித்தபோது வைத்த பெயர் அது.

பெயர் மாற்றத்தின் தொகையைக் குறைக்க எடுத்த முடிவு என்று விளங்குகிறது. இருந்தாலும் கருவேலின் நிழலில் வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கும் ஆபிரிக்கர்களுக்கும் அது நியாயமாகப் படவில்லை, எனக்கும் படவில்லை. நடைமுறையில் விளைவு இதுதான்: நம் வீதியோரங்களிலும் காடு வளர்ப்புத் தோட்டங்களிலும் நட்ட அவுஸ்திரேலிய மரமான அக்கேசியா ஆரிக்குலிஃபார்மிஸ் குறுகிய பொருளிலும் அக்கேசியா. மண்ணுக்கே உரிய உடை இன்று விரிந்த பொருளில் மட்டுமே அக்கேசியா. பாடசாலைக் கண்காட்சி ஒன்றுக்கு நான் எழுதிய மரப்பட்டியலில் இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ், எந்தக் குறிப்பும் இல்லாமல் போட்டுவிட்டேன். நட்ட மரம் எது, மண்ணின் மரம் எது என்று அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு விளங்கியிராது.

நான்காம் படி: கண்ணுக்கு எட்டிய அளவில் பெயரை நிறுத்துங்கள்

விரிந்த பொருள் என்பது அலட்சியம் அன்று. தெரிந்ததை மட்டும் சொல்லும் நேர்மை அது. இதற்கு நுளம்பை விடச் சிறந்த பாடம் இல்லை.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பெரிய குழப்பம் இருந்தது. அனோபிலிஸ் மாகுலிபென்னிஸ் என்ற நுளம்பு நிறைந்த சில ஊர்களில் மலேரியாவே இல்லை. 1920களில் அதன் முட்டைகளின் கோலத்தை உற்றுப் பார்த்தபோதுதான், ஒரே தோற்றமுள்ள பல இனங்கள் அந்த ஒரு பெயருக்குள் ஒளிந்திருப்பது தெரியவந்தது. சில மனிதரைக் கடித்தன, சில மாட்டை நாடின. ஆபிரிக்காவிலும் அனோபிலிஸ் காம்பியே என்ற பெயர் இப்படி விரிந்திருந்தது. அதன் குறுகிய பொருளிலிருந்தும் 2013இல் அனோபிலிஸ் கொலுசியை என்ற இனம் தனியாகப் பெயரிடப்பட்டது.

வன்னியை மலேரியா வாட்டிய காலத்தில் நம் எதிரி அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ். அதற்குள் ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து உடன்பிறப்பு இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. ஈ இனம் முதலில் இனங்காணப்பட்ட இடம், மன்னாருக்கு நேரெதிரே உள்ள இராமேஸ்வரம் தீவு. இலங்கையில் பி மட்டுமே உண்டு என்று எண்ணியிருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஆண் நுளம்பின் ஒய் நிறமூர்த்தத்தின் வடிவத்தை வைத்து, ஈ இனமும் இங்கே இருப்பதைக் காட்டியது. மலேரியாவைக் காவுவதில் முன்னின்றது ஈ இனம், பி இனம் திறம் குறைந்த காவி. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றேபோல் இருக்கும்.

இப்போது ஓர் ஆற்றுப்படுகைக் குட்டையில் நீங்கள் குடம்பிகளை அள்ளுகிறீர்கள். நிறமூர்த்தத்தைப் பார்க்க வசதியில்லை, டி.என்.ஏ. பரிசோதனையும் இல்லை. நீங்கள் எழுத வேண்டியது 'அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ், விரிபொருளில்' என்பதே. அது முழுமையான, மதிப்புள்ள பதிவு. 'குறுபொருளில்' என்று எழுதினால், பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதுகிறீர்கள். குறுகிய பொருள் எப்போதும் ஓர் உரிமைகோரல், அதற்குச் சான்று கேட்கப்படும். 2012 ஒக்டோபருக்குப் பின் நாட்டுக்குள் தொற்றிய மலேரியா பதிவாகாத நிலையில், 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. நுளம்பைப் பற்றி எழுதும் பெயர் தளர்ந்துபோக இது காரணமாகக் கூடாது.

பறவையில் இந்த நிலையை நேரில் கண்ட ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். ஓமந்தைப் பக்கம் ஒரு குளக்கட்டு. வட்டு விழுந்த மொட்டைப் பனையில் மரங்கொத்தி ஒன்று செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் நாம் காண்பது பொன்மஞ்சள் முதுகு. தெற்கே போனால் இரத்தச் சிவப்பு. இதன் முதுகு இரண்டும் இல்லை, பழுத்த தோடம்பழத்தின் நிறம். தோளருகே மஞ்சள் ஏறி, முதுகின் நடுவில் செம்மை கூடியிருந்தது. கூட வந்த மாணவன் பேனாவைப் பிடித்தபடி கேட்டான்: "சேர், எந்தப் பெயரை எழுதுவது?"

முன்பு கேள்வியே இல்லை. மஞ்சளும் சிவப்பும் டைனோபியம் பெங்காலென்சின் துணையினங்கள். 2016இல் வெளியான ஆய்வு, சிவப்பு முதுகுப் பறவையை டைனோபியம் சரோடெஸ் என்ற தனி இனமாகக் கொள்ள வேண்டும் என்பதற்குத் தோற்றச் சான்றும் மரபணுச் சான்றும் தந்தது. இரண்டு வடிவங்களும் சந்திக்கும் வடக்கு நிலப்பரப்பில் கலப்புப் பறவைகள் இருப்பதையும் அது காட்டியது. பனையில் ஏறியது அப்படி ஒரு பறவையாக இருக்கலாம். குறுகிய பொருளில் பெங்காலென்ஸ் என்றாலும் பொய்யாகலாம், சரோடெஸ் என்றாலும் பொய்யாகலாம். "தம்பி, விரிபொருளில் என்று எழுதிவிட்டு, முதுகின் நிறத்தைக் கண்டபடி எழுது" என்றேன்.

ஐந்தாம் படி: இரண்டு பொருளும் ஒரே காலத்தில் உயிரோடு இருக்கலாம்

இதுவரை சொன்னவற்றில் விரிந்தது பழையது, குறுகியது புதியது என்பதுபோல் தோன்றியிருக்கும். எப்போதும் அப்படியில்லை. வாய்க்கால் ஓரத்திலும் குளத்தின் அலைகரையிலும் நிற்கும் காட்டு நெல்லைப் பாருங்கள். ஆழநீரில் ஆண்டுக்கணக்கில் நிலைத்து வளர்வதை ஒரைசா ரூஃபிபோகன் என்கிறார்கள். வற்றும் நீரில் ஒரு பருவத்தில் முளைத்துப் பூத்து விதை உதிர்த்து மடிவதை 1965இல் சர்மாவும் சாஸ்திரியும் ஒரைசா நிவாரா என்று தனி இனமாக்கினார்கள். காட்டு நெல்லைக் குறிக்கும் நீவாரம் என்ற வடசொல்லே அந்தப் பெயர். ஆனால் இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு வாழ்க்கைமுறைகள்தான் என்று கருதும் அறிஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரூஃபிபோகன் விரிந்த பொருளில், நிவாராவையும் சேர்த்தது.

இது வெறும் சொற்சண்டை என்று ஒதுக்க வேண்டாம். நெல்லைத் தாக்கும் புல்குட்டை வைரசுக்கு எதிர்ப்புத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தபோது, பயன்பட்ட எதிர்ப்பு நிவாராவின் ஒரே ஒரு மாதிரியில் கிடைத்தது. அந்த உறையில் 'ரூஃபிபோகன்' என்று மட்டும் எழுதியிருந்து, எந்தப் பொருளில் என்று சொல்லாமல் விட்டிருந்தால், அடுத்து எந்த நீர்நிலையில் தேடுவது என்பதே தெரியாமல் போயிருக்கும். எந்தப் பக்கம் சேர்ந்தாலும் சரி, சேர்ந்த பக்கத்தைச் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: பக்கத்து அடையாளங்களோடு குழப்பாதீர்கள்

பெயருக்கு நடுவே சி, எஃப் எழுத்துகள் வந்தால், இன்னாராக இருக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று பொருள். 'ஆஃப்' என்ற சுருக்கம் வந்தால், இதற்கு நெருங்கிய உறவு ஆனால் இது அன்று என்று பொருள். இவை இரண்டும் கையில் உள்ள மாதிரியைப் பற்றிய ஐயம். விரிபொருள், குறுபொருள் என்பவை பெயரின் எல்லையைப் பற்றியவை, அங்கே ஐயத்துக்கு இடமில்லை.

'ஆக்ட்' என்ற சுருக்கம் தனி வகை. பல எழுத்தாளர்கள் ஒரு பெயரைப் பிழையாக வேறோர் இனத்துக்கு வழங்கிவந்தார்கள் என்று அது சொல்கிறது. அங்கே முளையே வட்டத்துக்குள் இல்லை. விரிந்த பொருளில் கயிறு எவ்வளவு நீண்டாலும் முளை உள்ளேதான் இருக்கும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும். 'புரோ பார்ட்டே' என்றால் ஒரு பகுதி மட்டும்: பழைய பெயரின் கீழ் இருந்தவற்றில் சில மட்டுமே இங்கே வருகின்றன.

ஏழாம் படி: தமிழ்ப் பெயருக்கும் எல்லை கேளுங்கள்

வன்னியில் பாலை என்றால் ஒரே மரம். தமிழ்நாட்டில் ஏழிலைப்பாலை, வெட்பாலை, குடசப்பாலை என்று பால் வடியும் வேறு மரங்களும் உண்டு. அவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே 'பாலைப்பட்டை மருந்து' என்று ஓர் ஏட்டில் கண்டால் நம் காட்டுப் பாலையை வெட்டப் போகாதீர்கள். 'வேல்' என்ற சொல்லும் கருவேல், வெள்வேல், சீமைக்கருவேல் என்று இன்று ஒன்றுக்கு மேற்பட்ட சாதிகளைக் கடந்து நீள்கிறது. காட்டோடு பழகிய முதியவரிடம் பெயர் கேட்கும்போது, "இதையும் அப்படித்தான் சொல்வீர்களா, ஐயா?" என்று பக்கத்து மரத்தையும் காட்டிக் கேளுங்கள். அவருடைய சொல்லின் எல்லை அப்போதுதான் தெரியும். பெயரை எழுதிய பக்கத்திலேயே ஊரையும் எழுதுங்கள்.

எட்டாம் படி: பதிவை எழுதும் முறை

முதலில் பெயர். அடுத்து விரிபொருளா குறுபொருளா என்பது. முடிந்தால் யாருடைய எல்லை, எந்த ஆண்டு. அதன்பின் எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பது: நிறமா, பூவா, குரலா, நிறமூர்த்தமா. இடமும் நாளும் இல்லாத பதிவு பின்னால் எவருக்கும் உதவாது, ஏனென்றால் நாளை இந்தப் பெயர் மீண்டும் பிரிந்தால், எந்தத் துண்டுக்குள் உங்கள் பதிவு விழும் என்பதை இடமே சொல்லும்.

பழைய சீட்டைத் திருத்த வேண்டி வந்தால் அழிக்காதீர்கள், மேலெழுதாதீர்கள். உலர்தாவரக் காப்பகங்களில் பழைய சீட்டின் பக்கத்தில் புதிய சீட்டை ஒட்டி, திருத்தியவர் பெயரும் ஆண்டும் எழுதுவார்கள். சில தாள்களில் இப்படி நான்கைந்து சீட்டுகள் வரிசையாக நிற்கும். அந்தச் செடியைப் பற்றி மனிதர் நினைத்ததெல்லாம் அங்கே இருக்கும். நம் அப்பியாசக் கொப்பியிலும் அதையே செய்யலாம். கணினிப் பட்டியலில், எழுதியபடியே உள்ள பெயருக்கு ஒரு நிரலும் இன்றைய பெயருக்கு ஒரு நிரலும் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே விசையில் மாற்றும் வசதியைப் பெயர்ப் பட்டியலில் பயன்படுத்த வேண்டாம்.

அன்று ஓமந்தையில் அந்த மாணவன் எழுதியது இப்படி இருந்தது: 'டைனோபியம் பெங்காலென்ஸ், விரிபொருளில், சரோடெசையும் சேர்த்து. ஒன்று. முதுகு செம்மஞ்சள், தோளருகே மஞ்சள், நடுவில் செம்மை. மொட்டைப் பனை, குளக்கட்டின் கிழக்கு. காலை 6.40. படம் இல்லை.'